சோதனைக்கு முன் எழுத வேண்டிய காரணம்

காவல்துறை ஒரு வீட்டைச் சோதனையிட வேண்டுமானால் நீதிபதி கையொப்பமிட்ட வாரண்டுடன்தான் வர வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, அதை ஊன்றியதில் சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு, ஏனெனில் வாசலில் நிற்கும் இன்ஸ்பெக்டரைப் பார்த்து "வாரண்டு இருக்கா?" என்று வீட்டுக்காரர் கேட்பது போலீஸ் படங்களில் பழகிப்போன காட்சி. திரையில் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு காகிதம் நீட்டப்படும். சட்டப் புத்தகத்தில் கிடைக்கும் பதில் வேறு: புலன்விசாரணையில் இருக்கும் வழக்குகளில் பெரும்பாலான சோதனைகளுக்கு வாரண்டு தேவையில்லை, அதிகாரி சோதனைக்கு முன் எழுதிவைக்கும் காரணமே போதும். அந்தக் காரணம் எழுதப்படாவிட்டால் என்ன ஆகும், எழுதப்பட்டது போதாதென்றால் யாரிடம் முறையிடுவது, உயர் நீதிமன்றமே சோதனை சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வழி உண்டா என்ற கேள்விகளுக்கு இந்திய நீதிமன்றங்கள் எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த பதில்கள் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டுவதில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில் ஒரு வீடு சோதனையிடப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே வரக்கூடிய காவலர்கள் 2022 ஜனவரி 1 அன்று செயல்படத் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 96-ஆம் பிரிவின்படி குற்றவியல் நடுவரிடம் சோதனை வாரண்டு பெறுவது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 93-ஆம் பிரிவாக இருந்தது. அழைப்பாணை அனுப்பினால் குறிப்பிட்ட ஆவணத்தையோ பொருளையோ ஒருவர் கொண்டுவந்து தரமாட்டார் என்று நீதிமன்றம் நம்புவதற்குக் காரணம் இருக்கும்போதோ, அந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்று தெரியாதபோதோ, பொதுவான சோதனை ஒன்றுதான் விசாரணைக்கு உதவும் என்று கருதும்போதோ இந்த வாரண்டு பிறப்பிக்கப்படும். இரண்டாவது வழி 185-ஆம் பிரிவு, அதாவது பழைய 165. நடைமுறையில் காவல் நிலையங்கள் நாடுவது பெரும்பாலும் இதைத்தான். நிலையப் பொறுப்பு அதிகாரியோ புலன்விசாரணை அதிகாரியோ, தேடும் பொருள் விசாரணைக்குத் தேவையானது என்றும், காலதாமதமின்றி வேறு வழியில் அதைப் பெற முடியாது என்றும் நியாயமாக நம்பினால், அந்த நம்பிக்கைக்கான காரணத்தையும், கூடியவரை தேடும் பொருள் இன்னதென்பதையும் எழுதிவைத்துவிட்டு, நடுவரைக் கேளாமலேயே சோதனை நடத்தலாம்.

சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதை 103-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, வழக்கில் தொடர்பில்லாத, மதிப்புக்குரிய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சாட்சிகளாக இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் உடனிருந்து பார்க்க அனுமதிக்கப்பட வேண்டும். கைப்பற்றிய பொருள்களும் அவை கிடைத்த இடங்களும் ஒரு பட்டியலில் எழுதப்பட்டுச் சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பட்டியலின் நகல் வீட்டுக்காரருக்குத் தரப்பட வேண்டும். பெண்ணைச் சோதனையிட வேண்டுமென்றால் பெண்தான், கண்ணியம் குறையாமல், செய்ய வேண்டும். காவல் நிலையப் பேச்சில் மகஜர் என்று வழங்கும் அந்தப் பட்டியலே பிறகு நீதிமன்றத்தில் வழக்கின் முதுகெலும்பாகிறது. தமிழ்நாட்டு வழக்குக் கட்டுகளில் இந்தச் சாட்சிகள் பலமுறை கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளருமாகவே இருப்பது தற்செயலல்ல. அக்கம்பக்கத்தார் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள், போட்டாலும் குறுக்கு விசாரணையில் பிறழ் சாட்சியாகிவிடுவார்கள் என்ற அனுபவம் காவல்துறைக்கு உண்டு; ஆனால் அரசு ஊழியரை நிரந்தரச் சாட்சியாக வைத்துக்கொண்டால், வட்டாரத்து மனிதர் ஒருவர் கண்ணெதிரே சோதனை நடக்க வேண்டும் என்று சட்டம் வைத்த காவல் வெறும் சடங்காகத் தேய்ந்துபோகும்.

காரணத்தை எழுதிவைக்காமல் நடத்திய சோதனைக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு மேல்முறையீடாக வந்தது. ராஜஸ்தானில் ரஹ்மான் என்பவர் பயிரிட்ட புகையிலைக்கு வரி செலுத்தியது குறித்த விவகாரத்தில் மத்திய கலால் துறை அதிகாரிகள் அவர் வீட்டைச் சோதனையிடப் போனார்கள், அவர் தடுத்தார், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக அவர்மீது வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, மாநில அரசு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. நீதிபதி கே. சுப்பாராவ் எழுதிய தீர்ப்பு அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது: காரணங்களைப் பதிவு செய்வது சோதனை அதிகாரத்தின் அடிப்படை நிபந்தனை, அதைச் செய்யாமல் நடத்தும் சோதனை சட்டத்துக்குப் புறம்பானது, எனவே அதைத் தடுத்தவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

இந்தத் தீர்ப்போடு நின்றிருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். நான்கு ஆண்டுகள் ஆவதற்குள், உத்தரப்பிரதேசத் தபால்காரர் ஒருவரின் வீட்டில் பட்டுவாடா செய்யப்படாத கடிதங்கள் கிடைத்த ராதா கிஷன் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் மறுபக்கத்தைச் சொன்னது. சோதனை சட்டமீறலானது என்றால் வீட்டுக்காரர் அதைத் தடுக்கலாம், நீதிமன்றம் அந்தச் சான்றைக் கூடுதல் எச்சரிக்கையோடு பரிசீலிக்கலாம், ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக, கைப்பற்றிய பொருள் சான்றாகும் தகுதியை இழந்துவிடாது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் விளையும் நிலை விசித்திரமானது. வாசலில் நின்று தடுக்கும் துணிவுள்ளவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. சீருடைக்கு அஞ்சி வழிவிட்டவருக்கு, அதாவது ஏறக்குறைய எல்லாருக்கும், எச்சரிக்கையோடு பரிசீலிக்கிறோம் என்ற வாக்குறுதி மட்டுமே கிடைக்கிறது.

1973 டிசம்பரில் பூரண் மல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த நிலையை உறுதிப்படுத்தியது. வருமான வரித் துறையின் சோதனையை எதிர்த்து வந்த அந்த வழக்கில், முறைகேடான சோதனையில் கிடைத்த சான்றை ஒதுக்கித் தள்ள வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமோ சாட்சியச் சட்டமோ சொல்லவில்லை, சான்று வழக்குக்குப் பொருத்தமானதா என்பதே கேள்வி என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றுள் ஒன்று, காலனிய ஆட்சியின் கீழிருந்த கென்யாவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்று 1955-ல் தீர்க்கப்பட்ட குருமா வழக்கு. அவசரநிலையில் இருந்த ஒரு காலனியில் துப்பாக்கித் தோட்டா வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட மனிதனின் மேல்முறையீட்டில் பிறந்த விதி, சுதந்திர இந்தியாவின் குடிமகனுக்கு அளவுகோலாக வந்து சேர்ந்ததைப் பூரண் மல் தீர்ப்பைப் போற்றுபவர்களும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். அதற்கும் முன்பே, 1954-ல், டால்மியா குழும நிறுவனங்களில் நடந்த சோதனைகள் தொடர்பான எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம் போன்றதொரு பாதுகாப்பை இந்திய அரசமைப்பை இயற்றியோர் சேர்க்கவில்லை என்று சொல்லி, அந்தரங்க உரிமை என்ற வாதத்துக்குக் கதவடைத்திருந்தது. அமெரிக்காவில் 1961-ல் மேப் எதிர் ஒகாயோ வழக்குக்குப் பிறகு, முறைகேடான சோதனையில் கிடைத்த சான்றை மாநில நீதிமன்றங்களும் ஏற்க முடியாது என்ற விதி நிலைபெற்றது. இந்தியா அந்தப் பாதையில் போகவே இல்லை.

போதைப்பொருள் வழக்குகள் இதற்கு ஓரளவு விதிவிலக்கு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையான தண்டனைகளை விதிப்பதால், சோதனையிடும் அதிகாரிக்கும் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. 42-ஆம் பிரிவின்படி, கிடைத்த தகவலை அதிகாரி எழுதிவைத்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 50-ஆம் பிரிவின்படி, ஒருவரின் உடலைச் சோதிப்பதற்கு முன், அவர் விரும்பினால் நடுவர் முன்போ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்போ சோதிக்கப்படலாம் என்ற உரிமையை அவரிடம் சொல்ல வேண்டும். 1999-ல் பஞ்சாப் அரசு எதிர் பல்தேவ் சிங் வழக்கில் அரசமைப்பு அமர்வு, இந்த உரிமையைச் சொல்லாமல் எடுத்த பொருளை, அவர் வைத்திருந்தார் என்பதற்குச் சான்றாக்க முடியாது என்றது. 2010-ல் மற்றோர் அமர்வு, உரிமையைச் சொல்வதில் அரைகுறை நிறைவேற்றம் போதாது என்று இறுக்கியது. அதே வேளையில், இந்தப் பிரிவு உடல் சோதனைக்கு மட்டுமே, கையில் இருக்கும் பைக்குப் பொருந்தாது என்று 2005-லேயே தீர்ப்பாகியிருந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்திலிருந்து இறங்கும் ஒருவரின் கஞ்சாப் பொட்டலம் சட்டைப்பையில் இருந்ததா, தோள்பையில் இருந்ததா என்பதைப் பொறுத்து அவருடைய மேல்முறையீட்டின் விதி மாறிவிடும்.

எழுதாத காரணம் ஒரு சோதனையை மட்டுமல்ல, சோதனைக்கு இடம் தந்த சட்டப் பிரிவையே வீழ்த்திய நிகழ்வும் உண்டு. முத்திரைத்தாள் சட்டத்தின் 73-ஆம் பிரிவுக்கு ஆந்திரப் பிரதேசம் கொண்டுவந்த திருத்தம், மாவட்ட ஆட்சியர் அதிகாரமளித்த எவரும் வங்கி உள்ளிட்ட எந்த இடத்திலும் புகுந்து ஆவணங்களைப் பார்வையிடவும் எடுத்துச் செல்லவும் வழிசெய்தது. காரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயமோ, இன்ன ஆவணம் என்று குறிப்பிடும் கட்டாயமோ அதில் இல்லை. உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2004 நவம்பரில் கனரா வங்கி வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ததோடு, அந்தரங்கம் என்பது இடத்துக்குரியதல்ல, மனிதருக்குரியது, வங்கியிடம் கொடுத்துவைத்த ஆவணத்திலும் வாடிக்கையாளரின் அந்தரங்கம் தொடர்கிறது என்று சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்து, அந்த அளவில் எம்.பி. சர்மா தீர்ப்பை மாற்றினார்கள். இருந்தும் பூரண் மல் வகுத்த சாட்சிய விதி இன்னும் நீதிமன்றங்களில் எடுத்தாளப்பட்டு வருகிறது. உரிமை உயர்ந்திருக்கிறது, உரிமையை மீறியதற்கான விளைவு பழைய இடத்திலேயே இருக்கிறது. இந்தத் துறையின் உண்மையான குறை இந்த இடைவெளிதான்.

மேல்முறையீடு என்ற சொல்லையும் இங்கே கவனமாகக் கையாள வேண்டும். தண்டனைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது உரிமை. சோதனை வாரண்டு பிறப்பித்த உத்தரவை எதிர்த்து அப்படியொரு உரிமை இல்லை. வழக்கின் நடுவில் பிறக்கும் இத்தகைய உத்தரவை இடைக்கால உத்தரவு என்று வகைப்படுத்திவிட்டால், சீராய்வு மனுவுக்கும் சன்ஹிதாவின் 438-ஆம் பிரிவு தடை போடுகிறது. காட்டுப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்த பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம், இப்போது தேசியப் புலனாய்வு முகமையின் வழக்குகளை விசாரிக்கிறது. தடா சட்டம் அன்று உச்ச நீதிமன்றத்துக்கு நேரடி மேல்முறையீட்டை அனுமதித்ததால், அடுத்த ஆண்டு மே மாதமே 19 பேர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்கள். இன்று முகமையின் சட்டப்படி சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வுக்குப் போகலாம். ஆனால் அதே 21-ஆம் பிரிவு இடைக்கால உத்தரவுகளை வெளிப்படையாக விலக்குகிறது. ஆகவே சோதனையால் பாதிக்கப்பட்டவர் அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் எழுத்துப்பேராணை கேட்டோ, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைச் சொல்லும் சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவைச் சுட்டியோதான் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். அங்கும் தோற்றால், 136-ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரும் சிறப்பு அனுமதி மனு ஒன்றே மிச்சம். அது உரிமையல்ல, நீதிமன்றத்தின் விருப்புரிமை.

அந்த விருப்புரிமை எவ்வளவு விரைவாக இயங்க முடியும் என்பதை டாஸ்மாக் வழக்கு காட்டியது. 2025 மார்ச் 6 முதல் 8 வரை எழும்பூரில் உள்ள, டாஸ்மாக் எனப்படும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. அமலாக்கத் துறை காவல்துறையல்ல. 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, நீதிமன்றத்தை நாடாமலேயே, நம்புவதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்த உயர் அதிகாரியின் அங்கீகாரத்தின் பேரில் சோதனையிட அதற்கு அதிகாரம் தருகிறது. 2022 ஜூலை 27 அன்று விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லும் என்றது. அமலாக்கத் துறை அதிகாரிகள் காவல்துறையினர் அல்லர் என்பதும், முதல் தகவல் அறிக்கை போன்ற தங்கள் உள் ஆவணத்தை அவர்கள் சம்பந்தப்பட்டவருக்குத் தர வேண்டியதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பின் பகுதிகள். காரணமே எழுதாமல் தொல்லை தரும் சோதனை நடத்தும் அதிகாரிக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம் என்று அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் எழுதிய காரணத்தைப் பார்க்கவே முடியாதவர், அது எழுதப்படவில்லை என்று எப்படி நிறுவுவார் என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் விடை இல்லை.

டாஸ்மாக்கும் தமிழ்நாடு அரசும் உயர் நீதிமன்றத்தில் வைத்த முறையீடு, பெண்கள் உள்ளிட்ட ஊழியர்கள் இரவிலும் அலுவலகத்தில் தடுத்து வைக்கப்பட்டார்கள், கைப்பேசிகள் பறிக்கப்பட்டன, மாநில அரசின் இசைவு பெறப்படவில்லை என்பது. ஆயிரம் கோடி ரூபாய் அளவில் முறைகேடு நடந்திருக்கிறது என்பது அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டு. விசாரணை சூடுபிடித்திருந்த வேளையில், வழக்கை வேறு உயர் நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரி மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகி, பிறகு அந்த மனுவைத் திரும்பப் பெற்றது. அது அரசின் வழக்கை வலுப்படுத்திய நடவடிக்கை என்று சொல்வதற்கில்லை. ஏப்ரல் 23 அன்று நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் அமர்வு மனுக்களைத் தள்ளுபடி செய்து, அமலாக்கத் துறை மேற்கொண்டு செல்லலாம் என்றது. திடீர் சோதனையில் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நேரும் சிரமம் சோதனையைச் செல்லாததாக்காது, பொருளாதாரக் குற்ற விசாரணையில் நாட்டு நலன் அடங்கியிருக்கிறது என்ற திசையில் அந்தத் தீர்ப்பு சென்றது.

இதை எதிர்த்து மாநில அரசும் டாஸ்மாக்கும் உச்ச நீதிமன்றம் சென்றன. 2014-க்கும் 2021-க்கும் இடையில் கடை அளவிலான முறைகேடுகளுக்காக மாநிலமே 41 முதல் தகவல் அறிக்கைகளைப் பதிவு செய்திருக்கிறது, அப்படியிருக்க அரசு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தைச் சோதனையிடுவது ஏன் என்பது மாநிலத்தின் சார்பில் கபில் சிபல் வைத்த வாதம். டாஸ்மாக்கின் சார்பில் முகுல் ரோத்தகி, கைப்பேசிகளின் உள்ளடக்கம் முழுவதும் நகலெடுக்கப்பட்டதை அந்தரங்க மீறலாகச் சுட்டினார். மே 22 அன்று, உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஒரு மாதம் ஆவதற்குள், தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி ஏ.ஜி. மசீஹ் அமர்வு டாஸ்மாக் மீதான விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. துறை எல்லை மீறுகிறது, கூட்டாட்சி அமைப்பை மீறுகிறது என்ற பொருளில் தலைமை நீதிபதி கூறியவை மறுநாள் செய்தித்தாள்களின் தலைப்பாயின. அக்டோபரில் வழக்கு மீண்டும் வந்தபோது, விஜய் மதன்லால் தீர்ப்பின் மறுஆய்வு முடியும்வரை காத்திருப்பது என்று ஒத்திவைக்கப்பட்டது.

கூட்டாட்சி என்ற வாதம் அரசியலுக்குக் கவர்ச்சியானது, மாநிலம் அதை எழுப்பியதும் இயல்பு. சோதனைச் சட்டத்தின் வளர்ச்சிக்கு அதனால் நேரடியாகக் கிடைக்கக்கூடியது குறைவு. ஏனெனில் மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான எல்லைக்கோட்டை வைத்து இந்த வழக்கு முடிந்தால், மாநிலக் காவல்துறையால் சோதனையிடப்படும் தனிமனிதருக்கு அதில் பங்கில்லை. அவருக்குப் பயன்படக்கூடியது, கைப்பேசியை நகலெடுப்பதற்கு எல்லை எது, எழுதிய காரணத்தை எப்போது பார்க்கலாம் என்ற, ஒப்பீட்டளவில் வறண்ட கேள்விகளுக்கான விடை. டாஸ்மாக் விவகாரத்தை ஒட்டிய மற்றொரு வழக்கு அந்த வறண்ட நிலத்தில்தான் நடந்தது. 2025 ஜூனில், பூட்டியிருந்த ஒரு வீட்டின் கதவிலும் ஓர் அலுவலகத்தின் கதவிலும் அமலாக்கத் துறை அறிவிப்பு ஒட்டி மூடிவிட்டதாக எழுந்த முறையீட்டில், நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, பூட்டை உடைத்து உள்ளே சென்று தேட 17-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறதே தவிர, உரியவர் உள்ளே போகாதபடி இடத்தை மூடிவைக்க அதிகாரம் தரவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, மேல் நடவடிக்கைகளை நிறுத்திவைத்துக் கைப்பற்றிய பொருள்களைத் திருப்பித் தரச் சொன்னது. பிரிவின் சொற்களை வரிவரியாகப் படித்து, இல்லாத அதிகாரத்தை இல்லை என்று சொல்லும் இந்த வகை உத்தரவு, பெரிய முழக்கங்களைவிட அதிக நாள் நிற்கும்.

கைப்பேசி இந்தச் சட்டத்தை எங்கே தடுமாற வைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 103-ஆம் பிரிவின் மகஜரில் 'கறுப்பு நிறக் கைப்பேசி ஒன்று' என்று எழுதி, உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்து, சாட்சிகள் கையொப்பமிட்ட சீட்டை ஒட்டிவிட்டால், பொருளைப் பொறுத்தவரை பட்டியல் நிறைவாகிவிடுகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் பத்தாண்டுக் குடும்பப் படங்கள், வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கைகள், வழக்கறிஞருடனான உரையாடல் எதுவும் அந்த ஒற்றை வரியில் இல்லை. பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்குக் கேட்கும் சான்றிதழில், கோப்பின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண்ணெழுத்துக் கோவையான ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். அது சான்று திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும். வழக்குக்குத் தொடர்பில்லாதவற்றை யாரும் பார்க்கவில்லை என்பதைக் காட்டாது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விரேந்திர கன்னா வழக்கில் கைப்பேசிச் சோதனைக்கும் முறையான வாரண்டு பெறும் வழியை விரிவாக வகுத்தது. கல்வியாளர்கள் ஐவர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், புதிய நெறிமுறை வரும்வரை சிபிஐயின் 2020 கையேட்டைப் பின்பற்றுவதாக ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் உறுதியளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் ரைலி வழக்கில், கைதானவரின் கைப்பேசியைத் திறந்து பார்க்கப் பொதுவாக வாரண்டு வேண்டும் என்று ஒரே குரலில் சொல்லி முடித்தது.

டெல்லி வரை போகும் வசதி ஓர் அரசுக்கும் அதன் நிறுவனத்துக்கும் உண்டு, காட்டுப்பாக்கத்தில் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இல்லை. அந்தக் குடும்பத்துக்கு நடைமுறையில் கைகொடுப்பவை புதிய சன்ஹிதாவின் சில சிறிய மாற்றங்கள். 105-ஆம் பிரிவு, சோதனை முழுவதையும், பட்டியல் எழுதிக் கையொப்பம் வாங்குவது உட்பட, ஒலி ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. 185-ஆம் பிரிவின் கீழ் எழுதப்பட்ட காரணத்தின் நகல், முன்பு 'உடனடியாக' என்று மட்டும் இருந்த இடத்தில், 48 மணி நேரத்துக்கு மிகாமல் நடுவரைச் சேர வேண்டும். வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் நடுவர் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். ரஹ்மான் வழக்கில் எந்தத் தாள் இல்லாததால் அரசு தோற்றதோ, அந்தத் தாளைக் கேட்டு வாங்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கேட்கும் தேதியும் முக்கியம், ஏனெனில் சோதனை முடிந்து மூன்றாம் நாள் நடுவரிடம் அந்தத் தாள் வந்து சேராதிருந்தால், பின்னால் வந்து சேரும் தாளின்மீது எழும் ஐயத்துக்கு நீதிமன்றப் பதிவேட்டிலேயே ஆதாரம் இருக்கும்.

அதற்கு அடுத்தது பொருளைத் திரும்பக் கேட்கும் மனு. வழக்கறிஞர்கள் பழக்கத்தில் 451 மனு என்றும் 457 மனு என்றும் சொல்லிவந்தவை இப்போது சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகள். வழக்குச் சொத்து காவல் நிலையத்தில் தேவைக்கு மேல் கிடக்கக் கூடாது, பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மேற்கோள் காட்டி, படமெடுத்து மகஜரில் சேர்த்துவிட்டு வண்டியையோ மடிக்கணினியையோ திருப்பித் தரக் கேட்கும் மனுக்கள் நடுவர் நீதிமன்றங்களில் அன்றாடம் வருகின்றன. பொருளைத் திருப்பித் தர முடியாது என்று காவல்துறை எதிர்த்தால், ஏன் எடுத்தீர்கள், இன்னும் எதற்குத் தேவை என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். சோதனையின் காரணம் திறந்த நீதிமன்றத்தில் முதன்முறையாகக் கேள்விக்குள்ளாவது பலமுறை இந்த மனுவில்தான். மனு மறுக்கப்பட்டால் அந்த உத்தரவை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போக, சோதனை உத்தரவை எதிர்ப்பதைவிட அகலமான வழி இருக்கிறது.